ஏதென்ஸ் கும்பலும் ஆஸ்டோரியா கும்பலும்

1981 மே மாதம், அமெரிக்காவின் தெற்குப் பிலடெல்பியா. ஓர் உணவகத்தில் நண்பர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார் ஸ்டீவ் பூராஸ். அந்நகரின் கிரேக்கக் கும்பலுக்குத் தலைவர் என்று காவல்துறை அடையாளம் கண்டிருந்த ஆள். துப்பாக்கியோடு உள்ளே நுழைந்தவர்கள் அவரையும் அவர் அருகில் இருந்த பெண்ணையும் சுட்டுக் கொன்றார்கள். 2020 ஜனவரி, ஏதென்ஸுக்குத் தெற்கே வாரி. சுட்ட இறைச்சிக்குப் பேர்போன ஊர். குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்த மாண்டிநீக்ரோ நாட்டவர் இருவர் மனைவி மக்கள் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கோட்டோர் என்ற கடற்கரை நகரத்தைச் சேர்ந்த இரண்டு கும்பல்கள் கொக்கெய்ன் வியாபாரத்தில் மோதிக்கொண்டு ஆண்டுக்கணக்காக நாடு நாடாகத் தீர்த்துவரும் பகையில் அதுவும் ஒரு கொலை.

இரண்டையும் ‘கிரேக்க மாஃபியா’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அடுக்கிவிடுவது சுலபம். பத்திரிகைகள் பலமுறை அப்படித்தான் செய்கின்றன. பிலடெல்பியாவில் கிரேக்கர் பிறத்தியார் ஊரில் இருந்தார். அவ்வூரை ஆண்ட இத்தாலியக் குடும்பத்தின் அனுமதியோடு பிழைத்தார். வாரியில் மண் மட்டுமே கிரேக்கருடையது. சண்டை, சரக்கு, கொன்றவர், மாண்டவர் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. வெளிநாட்டில் கிரேக்கக் கும்பல் தன் சமூகத்தைத் தின்று வாழ்ந்தது. உள்நாட்டில் அது அரசின் ஓட்டைகளைத் தின்று வாழ்கிறது. முன்னது ஒரு தலைமுறையில் ஒடுங்கியதற்கும் பின்னது இன்றும் நிற்பதற்கும் காரணம் இதுதான் என்பது என் முடிவு. ரத்தத்தையும் இனத்தையும் காரணம் காட்டுபவர்களுக்குப் பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது.

வேர் எங்கே என்று பார்க்க இரண்டு பழைய சம்பவங்கள் போதும். 1870 ஏப்ரலில் மராத்தான் போர்க்களத்தைப் பார்த்துவிட்டு ஏதென்ஸ் திரும்பிக்கொண்டிருந்த ஆங்கிலேயப் பிரபுக்களின் குழுவை ஆர்வனிடாகிஸ் சகோதரர்களின் கொள்ளைக் கூட்டம் பிடித்துக்கொண்டது. அவர்கள் கேட்டது பணம் மட்டுமல்ல. பொதுமன்னிப்பும் வேண்டும் என்றார்கள். கேட்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. எல்லையில் ஒட்டோமான் படைக்கு எதிராகவும் தேர்தலில் எதிராளிக்கு எதிராகவும் கொள்ளைக்காரர்களைப் பயன்படுத்திவிட்டுப் பிறகு மன்னித்துவிடுவது அக்கால அரசியல்வாதிகளுக்கு வழக்கமாக இருந்தது. இம்முறை மன்னிப்பு மறுக்கப்பட்டது, படை அனுப்பப்பட்டது, டிலெசி என்ற இடத்தருகே பணயக் கைதிகள் நால்வர் கொல்லப்பட்டனர். மூவர் ஆங்கிலேயர், ஒருவர் இத்தாலியர். ஐரோப்பா கொந்தளித்த பிறகே கிரேக்க அரசு கொள்ளையரை உறுதியோடு ஒடுக்கத் தொடங்கியது.

இன்னொரு சம்பவம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில். அங்கே லியோனிடாஸ் ஸ்க்லிரிஸ் என்ற கிரேக்கரைச் சுரங்கத் தொழிலாளர்கள் கிரேக்கர்களின் ஜார் என்று அழைத்தார்கள். கிரேக்கத்திலிருந்தும் கிரேத்தே தீவிலிருந்தும் வந்த இளைஞர்களுக்குச் சுரங்கத்திலும் ரயில் பாதையிலும் வேலை வாங்கித் தருவது அவர் தொழில். வேலை கிடைக்க ஒரு கட்டணம், கிடைத்த வேலை நிலைக்க ஒரு கட்டணம், சாமான் வாங்குவதும் அவர் காட்டிய கடையில்தான். 1912இல் பிங்ஹம் செப்புச் சுரங்கத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் கிரேக்கத் தொழிலாளர்களின் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று, ஸ்க்லிரிஸ் போக வேண்டும் என்பது. அவர் பதவி விலகினார். அவரைக் கொள்ளைக் கூட்டத் தலைவர் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் மொழி தெரியாமல் வந்திறங்கியவனை அவன் மொழி பேசுபவனே உறிஞ்சும் முறை அங்கே முழுமையாக இருந்தது. பின்னால் வந்த வெளிநாட்டுக் கும்பல்கள் செய்ததெல்லாம் இதே உறவைச் சூதுக்கும் கந்துவட்டிக்கும் மாற்றியதுதான்.

ஆஸ்டோரியாவை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உள்ள பேட்டை. 1924இல் கிரேக்கர்களுக்கு ஏறக்குறைய மூடப்பட்ட அமெரிக்கக் கதவு 1965இன் குடியேற்றச் சட்டத்தால் திறந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஆஸ்டோரியா கிரேக்கத்துக்கு வெளியே இருந்த பெரிய கிரேக்கக் குடியிருப்புகளில் ஒன்றானது. கப்பலில் வேலை பார்த்து இறங்கியவர்கள், உணவகச் சமையலறையில் நின்றவர்கள், கட்டட வேலைக்குப் போனவர்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் காபிக் கடையில் கூடினார்கள். அங்கே சீட்டும் இருந்தது, பார்பூட் என்ற பகடை ஆட்டமும் இருந்தது. தோற்றவனுக்கு அங்கேயே கடன் கிடைத்தது. வங்கிக்குப் போகக் காகிதம் இல்லாதவன் வேறெங்கே போவான்?

இந்த ஆட்டங்களின் மேலிடத்தில் இருந்தவர் ஸ்பைரோஸ் வெலென்ட்சாஸ். அவர் சுதந்திரமான ராஜா அல்ல. நியூயார்க்கின் ஐந்து இத்தாலியக் குடும்பங்களில் ஒன்றான லுக்கேசி குடும்பத்துக்குக் கப்பம் கட்டி, அதற்கு ஈடாகத் தன் எல்லைக்குள் யாரும் நுழையாத காப்பைப் பெற்றார். நிலம் லுக்கேசியுடையது, அவர் குத்தகைதாரர். பிலடெல்பியாவிலும் இதே ஏற்பாடுதான். 1981இல் அங்கே இத்தாலியக் குடும்பத்தின் தலைமைக்கு வந்த நிக்கி ஸ்கார்ஃபோ, நகரத்தில் சட்டவிரோதத் தொழில் செய்யும் எவரும் தெருவரி கட்டியாக வேண்டும் என்று விதித்தார். பூராஸின் கூட்டம் மெத்தாம்பெட்டமைன் தயாரிக்கத் தேவையான ரசாயனத்தைக் கடத்திச் சம்பாதித்தது. அந்தச் சம்பாத்தியத்துக்கும் மேலே ஒரு கை நீண்டே இருந்தது.

சிகாகோவில் ஒரு கிரேக்கர் குத்தகைதாரர் நிலையையும் தாண்டி உயர்ந்தார். பெற்றோர் கிரேக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர் பெயர் கஸ் அலெக்ஸ். அல் கபோன் காலத்துக் கணக்கரான ஜேக் குஸிக்கின் நிழலில் வளர்ந்து, சிகாகோ கும்பலுக்கும் நகர அரசியல்வாதிகள், நீதிபதிகள், போலீஸ் அதிகாரிகளுக்கும் நடுவே பாலமாக இருந்தவர். இத்தாலியர் அல்லாத ஒருவர் அக்கும்பலில் அடையக்கூடிய உச்சம் அது. ஆனால் அந்த அதிகாரத்தில் கிரேக்கம் என்று எதுவும் இல்லை. கிரேக்கப் பேட்டையின் பிரதிநிதியாக அவர் அங்கே அமரவில்லை. சிகாகோ நகராட்சியின் சீர்கேட்டை நன்கு அறிந்தவர் என்பதால் அமர்ந்தார். வெளிநாட்டில் ஒரு கிரேக்கர் எந்த அளவுக்குத் தன் சமூகத்தை விட்டு அரசின் ஓட்டையை நோக்கி நகர்ந்தாரோ அந்த அளவுக்கு நிலைத்தார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு நீடித்த அலெக்ஸின் வாழ்க்கை என் வாதத்துக்கு எதிர்ப்புறத்திலிருந்து கிடைக்கும் சான்று.

இனி ஏதென்ஸ். அங்கே இந்த உலகத்தை இரவு என்றே சொல்கிறார்கள். பாட்டு விடுதி, மதுக்கூடம், சூதாட்டக் கூடம், விபச்சார விடுதி. இவற்றின் வாசலில் யார் நிற்பது என்பதில்தான் தொழில் தொடங்குகிறது. வாசலில் நிற்கும் தடியன் உள்ளே யார் வரலாம் என்று தீர்மானிக்கிறான். சில மாதத்தில் முதலாளியிடம் மாமூல் கேட்கிறான். கொடுக்காத கடையில் ஓர் இரவு கண்ணாடி நொறுங்கும், இன்னோர் இரவு தீப்பிடிக்கும். இதுவரை எந்தப் பெருநகரத்திலும் நடப்பது. ஏதென்ஸின் தனித்தன்மை அடுத்த படியில் இருக்கிறது. மாமூல் வாங்கும் கூட்டத்தோடு பணியிலிருக்கும் போலீசாரே கூட்டுச் சேர்ந்திருந்ததாகக் காவல்துறையின் உள்விவகாரப் பிரிவு, தொலைபேசி ஒட்டுக்கேட்புப் பதிவுகளோடு பெரிய கோப்பு ஒன்றைத் தயாரித்தது. சோதனைக்கு வரும் முன்பே விடுதிக்குத் தகவல் போவது, உரிமம் இல்லாத கூடம் ஆண்டுக்கணக்கில் நடப்பது ஆகியவற்றை விளக்க வேறு மர்மம் தேவையில்லை. ஆஸ்டோரியாவில் வெலென்ட்சாஸ் லுக்கேசியிடம் விலைகொடுத்து வாங்கிய காப்பை, ஏதென்ஸில் அரசின் சீருடையே விற்றது.

சிறையும் அப்படித்தான். பிரேயஸ் அருகே கோரிடலோஸ் சிறைச்சாலையிலிருந்து வாசிலிஸ் பலியோகோஸ்டாஸ் 2006 ஜூனில் ஹெலிகாப்டரில் தப்பினார். பிடித்து மீண்டும் அடைத்தார்கள். 2009 பிப்ரவரியில் அதே சிறையிலிருந்து மறுபடியும் ஹெலிகாப்டரிலேயே தப்பினார். தொழிலதிபர்களைக் கடத்திப் பணம் பறித்த அவர் மாஃபியா தலைவர் அல்ல, தனிக்கொள்ளையர். ஏழைகளுக்குக் கொடுத்தார் என்று அவரைக் கொண்டாடுபவர்கள் கிரேக்கத்தில் உண்டு. எனக்கு அந்தக் கொண்டாட்டத்தில் உடன்பாடில்லை. நாள்கணக்கில் கண் கட்டப்பட்டுக் கிடந்த பணயக் கைதியின் பக்கமிருந்து அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒரே கூரையிலிருந்து ஒரே வழியில் இரண்டு முறை ஒருவர் பறந்துபோக முடிந்தது என்பது அரசைப் பற்றிய செய்தி.

இரு பக்கத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க எரிபொருள் வியாபாரம் சரியான பொருள். கிரேக்கத்தில் கப்பலுக்கு நிரப்பும் எரிபொருளுக்கு வரி கிடையாது. உலகின் மிகப் பெரிய வணிகக் கப்பல் தொகுதிகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரர்களின் நாடு அது. பிரேயஸிலும் எலெஃப்சினாவிலும் கடல் எரிபொருள் ஓடாத நாளில்லை. கப்பலுக்கு என்று காகிதத்தில் எழுதிய எண்ணெய் கரையேறி பெட்ரோல் பங்குக்குப் போனால் வரி முழுவதும் லாபம். கரைப்பான் கலந்த பெட்ரோலும் இதன் கிளைத் தொழில். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு வரி குறைவு, வண்டிக்கு ஊற்றும் டீசலுக்கு வரி அதிகம் என்ற வித்தியாசமும் கடத்தல்காரர்களை வாழவைத்தது. கடன் நெருக்கடியின் உச்சத்தில், 2012 அக்டோபரில், இந்த ஓட்டையை அடைக்க அரசு வீட்டு எண்ணெயின் வரியை டீசலின் அளவுக்கு உயர்த்தியது. விளைவு என்ன? சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டிருந்த குடும்பங்கள் எண்ணெய் வாங்குவதை நிறுத்தி, கிடைத்த விறகையும் பழைய மரச்சாமானையும் எரித்தன. அந்தக் குளிர்காலத்தில் ஏதென்ஸின் மேல் இரவுதோறும் புகை கவிந்தது. கடத்தல்காரன் வேறு வழி தேடிக்கொண்டான். குளிரில் உட்கார்ந்தது ஓய்வூதியக்காரர்.

அமெரிக்காவில் இதே வரியைச் சுற்றி நடந்தது வேறு மாதிரி. நியூயார்க் மாநிலத்தில் 1982க்கு முன்பு பெட்ரோல் வரியைக் கட்ட வேண்டியவர் பங்க் உரிமையாளர். வசூலித்த வரியைக் கட்டாமல் கடையை மூடிவிட்டு வேறு பெயரில் திறக்கும் தந்திரத்தில் லாங் ஐலண்டின் கிரேக்க, துருக்கிய உரிமையாளர்கள் சிலர் முன்னோடிகளாக இருந்தார்கள். 1982இல் வரிப் பொறுப்பு மொத்த வியாபாரிக்கு மாற்றப்பட்டது. உடனே காகிதக் கம்பெனிகளின் சங்கிலி ஒன்று முளைத்தது; சரக்கு கைமாறிக்கொண்டே போய், வரி கட்ட வேண்டிய கம்பெனி தேடும்போது காணாமல் போயிருக்கும். இதில் புரண்ட தொகை பெரியது என்று தெரிந்ததும் சோவியத்திலிருந்து வந்த கூட்டங்களும் ஐந்து இத்தாலியக் குடும்பங்களில் இன்னொன்றான கொலம்போவும் அதைக் கைப்பற்றிக்கொண்டன. தொடங்கிவைத்த சிறிய ஆட்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். குத்தகைதாரர் நிலத்தில் புதையல் கிடைத்தால் அது நிலக்காரருக்குத்தான்.

கும்பல்களைப் பற்றி எழுதும்போது, கும்பலில் இல்லாதவர்கள் சுமந்த பழியையும் எழுத வேண்டும். 1978இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், விடியற்காலையில் நூற்றறுபது வீடுகளில் காவல்துறை சோதனையிட்டது. எல்லாம் கிரேக்கர் வீடுகள். நோய் இருப்பதாகப் பொய்ச் சான்று பெற்று அரசு உதவித்தொகை வாங்கும் பெரிய சதி என்று சொல்லப்பட்டது. சில மருத்துவர்களும் சிக்கினார்கள். ஏறக்குறைய நூற்றெண்பது பேர்மேல் வழக்கு. பலருக்கு உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அவர்கள் 1950களிலும் 60களிலும் தொழிற்சாலைக்கென்றே அழைத்துவரப்பட்டு, அங்கே முதுகும் மூட்டும் தேய்ந்தவர்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்கு உதிர்ந்துபோனது. பெரும்பாலானோர்மேல் இருந்த குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. நீதிபதி ரோமா மிட்செல் தலைமையில் இழப்பீட்டு விசாரணை நடந்து, அரசு பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. கிரேக்கர் என்றாலே ஏமாற்றுக்காரர் என்று அந்த ஆண்டுகளில் பள்ளிப் பிள்ளைகள்கூடக் கேட்டு வளர்ந்தார்கள்.

கிரேக்கத்தில் இதே பழியைச் சுமந்தவர்கள் அல்பேனியர்கள். 1991க்குப் பிறகு எல்லை கடந்து வந்து வயலிலும் கட்டடத்திலும் வேலை செய்தவர்களை, எங்கே திருட்டு நடந்தாலும் கைகாட்டினார்கள். 1997இல் அல்பேனியாவில் சீட்டுக் கம்பெனிகள் கவிழ்ந்து, ராணுவக் கிடங்குகள் சூறையாடப்பட்டு, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வெளியே வந்தது உண்மை. அவற்றில் ஒரு பங்கு கிரேக்கக் கும்பல்களுக்கு வந்ததும் உண்மை. அவற்றை வாங்கியவர்கள் யார், அவற்றால் காக்கப்பட்ட விடுதிகள் யாருடையவை என்று கேட்டால் கை காட்டுவது கடினமாகிவிடும். சிட்னியில் தமக்கு நேர்ந்ததைக் கிரேக்கர்கள் ஏதென்ஸில் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

முடிவுகளும் வேறு வேறு. அமெரிக்காவில் 1970இன் ரிக்கோ சட்டம், தனித்தனிக் குற்றத்தை விட்டுவிட்டு அமைப்பையே வழக்குக்குள் இழுத்தது. ஒட்டுக்கேட்பும் சாட்சிப் பாதுகாப்பும் அதற்குத் துணை. 1991இல் லுக்கேசி குடும்பத்தின் பொறுப்புத் தலைவராக இருந்த அல்போன்ஸ் டார்கோவே அரசுப் பக்கம் சாய்ந்தார். நிலக்காரன் வாய் திறந்தால் குத்தகைதாரன் தப்ப முடியாது. 1992இல் வெலென்ட்சாஸுக்கு ஆயுள் தண்டனை. 1972இன் பியர் ஓட்டல் கொள்ளையில் பங்கேற்ற சாமி நேலோ 1988இல் கொல்லப்பட்டதும் அவர்மேல் நிரூபிக்கப்பட்டது. அதே 1992இல் கஸ் அலெக்ஸும் பணப்பறிப்பு வழக்கில் சிக்கி, 1998இல் காவலிலேயே இறந்தார். அதற்குள் சமூகமும் மாறிவிட்டது. பிள்ளைகள் படித்தார்கள், வங்கியில் கடன் வாங்கினார்கள், காபிக் கடைக்கு வர அவர்களுக்கு நேரமில்லை. சூதாட்டக் கடனுக்கு ஆளில்லாத இடத்தில் கும்பல் எப்படி வாழும்?

கிரேக்கத்தில் அத்தகைய வற்றல் எதுவும் நடக்கவில்லை. துறைமுகமும் வரி வித்தியாசமும் விலைக்குக் கிடைக்கும் அதிகாரியும் தலைமுறை மாறியதால் மறைவதில்லை. 2014 ஜூனில் நூர் ஒன் என்ற சிறிய எண்ணெய்க் கப்பலில் எலெஃப்சினாவுக்கு வந்திறங்கிய இரண்டு டன்னுக்கு மேலான ஹெராயின் ஏதென்ஸைச் சுற்றிய கிடங்குகளில் பிடிபட்டது. ஐரோப்பா கண்ட பெரிய ஹெராயின் பறிமுதல்களில் ஒன்று. சிலருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பணம் போட்டவர்கள் யார் என்ற விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2017 முதல் இரவு உலகத்தில் அடுத்தடுத்து கூலிப்படைக் கொலைகள். 2018 ஜனவரியில் ஹைடாரியில் காருக்குள் இருந்த ஒருவர். 2022 ஏப்ரலில், கப்பல் அதிபரைக் கடத்திய வழக்கில் தண்டனை பெற்று வெளியே வந்திருந்த ஒருவர். இந்தக் கொலைகளில் பெரும்பாலானவற்றில் ஏவியவர் கூண்டில் ஏறவில்லை.

இதை அயல்நாட்டுக் கும்பல்களும் கவனித்திருக்கின்றன. மெல்பர்னின் போதைப்பொருள் புள்ளி டோனி மோக்பெல் 2006இல் தப்பியோடியபோது தேர்ந்தெடுத்த ஊர் ஏதென்ஸ். விக் வைத்துக்கொண்டு கிளிஃபாடா கடற்கரைப் பகுதியில் வாழ்ந்தவரை 2007 ஜூனில்தான் பிடித்தார்கள். சிட்னியின் கிங்ஸ் கிராஸ் வட்டாரத்தில் பெயர் அடிபட்ட ஓர் ஆஸ்திரேலிய கிரேக்கர் ஏதென்ஸில் குடியேறி, 2018 அக்டோபரில் வூலாவில் வீட்டு வாசலில் சுடப்பட்டார். பெற்றோரோ தாத்தாவோ பிழைப்புக்காகக் கடந்த கடலைப் பிள்ளைகள் இப்படித் திரும்பக் கடக்கிறார்கள். 2020இல் வாரி. 2023 செப்டம்பரில் ஆர்டெமிடாவில் ஒரே காரில் ஆறு துருக்கியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருகாலத்தில் அயல் தெருவில் குத்தகைக்கு இருந்தவர்களின் நாடு இப்போது மற்றவர்களின் பகைக்கு இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

2001இல் அமைப்புசார் குற்றத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது. 2024இல் கிரேக்கத்தின் எஃப்பிஐ என்று சொல்லப்படும் தனி இயக்ககம் தொடங்கியது. சட்டமும் இயக்ககமும் தேவைதான். அமெரிக்க அனுபவம் அதைச் சொல்கிறது. ஆனால் அங்கே வழக்கு நடத்திய கூட்டாட்சி அதிகாரிகள் ஆஸ்டோரியாவின் காபிக் கடைகளுக்கு வெளியே நின்றவர்கள். ஏதென்ஸின் புதிய அதிகாரிகள், சீருடையே விற்பனைக்கு வந்த ஒரு காவல்துறையின் உள்ளிருந்து எழ வேண்டியிருக்கிறது. அவர்களை அளக்க நான் ஒரே வழக்கைப் பார்ப்பேன். இரவு உலகத்தையும் அதோடு கைகோத்த போலீசாரையும் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதிவந்த பத்திரிகையாளர் கியோர்கோஸ் கரைவாஸ், 2021 ஏப்ரல் 9 அன்று பட்டப்பகலில் அலிமோஸில் தன் வீட்டு வாசலில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். விரைவில் துப்புத் துலக்குவோம் என்று அரசு அறிவித்தது. மறு ஆண்டு உலகப் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் கிரேக்கம் 108ஆம் இடத்துக்குச் சரிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கடைசி. இரண்டு சகோதரர்கள் கைதாகி விசாரிக்கப்பட்டனர். 2024 ஜூலையில் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.